உன் இஷ்டம்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில், என் மகள் படிக்கும் கல்லூரிக்கு போன் செய்தேன். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏதோ திருட்டு வேலை செய்கிறவள் மாதிரி. அமெரிக்காவில் இந்த ஓஹாயோ மாநிலத்துக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னமும் ஓர் அலுவலகத்துக்கு போன் செய்வதென்றால், பேச வேண்டியதை மனதுக்குள் ஒரு தடவை ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்களை அழுத்துகிறேன். முதலில் ஓர் இயந்திரம் பேசியது. அது சொன்ன எண்களையெல்லாம் அழுத்தினேன். பிறகு பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண்மணி வந்தார்.

"என் மகள் உமா, இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய மேஜர் என்னவென்று தெரிய வேண்டும்" என்றேன்.

"மன்னிக்க வேண்டும். உங்கள் மகள் வயது வந்தவர். அவருடைய சம்மதம் இல்லாமல் நாங்கள் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்மணி, "நீங்கள் நலமாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்கு எப்படி விளக்குவது? நான் வளர்ந்தது ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டில். பதினெட்டு வயது முடிந்தால் மேஜர், முடியாவிட்டால் மைனர். அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் வேறு அர்த்தமே கிடையாது. எந்தப் பாடம் என்ற பொருளில் மேஜர் என்ன என்று நான் கேட்டேன். உங்கள் மகள் மேஜர் என்று அவர் பதில் சொல்லிவிட்டார். கேள்விக்குச் சரியான பதில்தான். நன்றி சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கல்லூரியில் சேரும்போதே பாடத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டு வருஷம் கணக்கு, உயிரியல், ஓவியம், தத்துவம் என்று எதை வேண்டுமானாலும் கொறித்துப் பார்க்கலாம். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் இதுதான் என் மேஜர் என்று 'டிக்ளேர்' செய்ய வேண்டும். "டெஸ்ட் மேட்ச்ல கேப்டன் டிக்ளேர் பண்ணுத மாதிரி. ஒம்மக இன்னும் டாஸே போடலை" என்பார் என் வீட்டுக்காரர் சண்முகம். அவருக்கு அம்பாசமுத்திரம். எதையும் கேலியாகச் சொன்னால்தான் கவலை தெரியாது என்று நினைப்பவர்.

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நான் போன் செய்தது அதற்காக மட்டும் இல்லை. நவம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுப் போன உமா அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. நான் என்ன எழுதி அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வரும். சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல். குளிர் அதிகமா என்றால் கட்டைவிரல். நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பெற்றவர்கள் எனக்குச் செய்யாத ஒன்றை அவளுக்குச் செய்துவிட்டதாக, உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

2

அப்பா ஆவுடையப்பன் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் ஊர் சேரன்மகாதேவி. வாயில் வருவது சேர்மாதேவி. காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் போய், சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவார். ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நல்ல வயல்கள் இருந்தனவாம். அப்பா தலையெடுப்பதற்குள் வயலெல்லாம் கைமாறி, அடுத்தவர் வயலுக்கான பத்திரங்களைச் சுமந்துகொண்டு போகிற உத்தியோகம் அவருக்கு வாய்த்தது.

பழைய பத்திரங்களைப் படியெடுக்க அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். ஜெராக்ஸ் கடைகள் வந்துவிட்ட காலம்தான். ஆனால் அந்தக் காலத்துக் கையெழுத்தை ஜெராக்ஸ் எடுத்தால் மட்டும் வக்கீலய்யாவுக்குப் புரிந்துவிடுமா? யாராவது எழுத்துக் கூட்டிப் படித்து, தெளிவாக எழுதித் தர வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து அதைச் செய்தது நான். "ஈசானிய மூலையில் நிற்கும் மருத மரத்துக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு" என்று நான்கெல்லை எழுதியிருக்கும். சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மருத மரம் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கப் போவேன். பெரும்பாலும் இருக்காது. ஒரே ஒரு தடவை இருந்தது. அன்றைக்கு அந்த மரத்தடியில் நின்றபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை அதற்கப்புறம் எந்தப் படிப்பும் எந்த வேலையும் கொடுத்ததில்லை.

அதனால் ஹிஸ்டரி படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மார்க்கைப் பார்த்து ஊரே பாராட்டியது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. மார்க் குறைவாக வந்திருந்தால் நான் பாட்டுக்கு ஹிஸ்டரி படிக்கப் போயிருப்பேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பாடங்களெல்லாம் மார்க் வரிசையில் நின்றன. டாக்டர், இன்ஜினியர் முன்னால். கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் அடுத்து. பிறகு காமர்ஸ். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்காக, கடைசியில் ஹிஸ்டரி. எந்தப் பாடத்தில் ஆசை என்று எவரும் கேட்பதில்லை. எவ்வளவு மார்க் என்று கேட்டுவிட்டு, அந்த மார்க்குக்கு எட்டுகிற உச்சாணிப் பாடத்தைச் சொல்லிவிடுவார்கள். நிறைய மார்க்கை வைத்துக்கொண்டு கடைசிப் பாடத்தை எடுப்பது, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சாணி தட்டப் போவது மாதிரி. அதற்கு ஒரு பெயரும் இருந்தது: மார்க்கை வீணாக்குவது. இன்ஜினியரிங்குக்கு வெளியூர் ஹாஸ்டலில் விட அம்மாவுக்கு மனமில்லை. ஆகவே பாளையங்கோட்டைக் கல்லூரிகளில், மார்க் வீணாகாத பாடம் எது என்று தேட ஆரம்பித்தார்கள்.

ஊரில் இதற்கெல்லாம் யோசனை சொல்கிறவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பிச்சுமணி அண்ணாச்சி. அந்த வருஷம்தான் போர்டில் டைப்ரைட்டிங் என்ற எழுத்தின்மேல் வெள்ளையடித்து, கம்ப்யூட்டர் என்று எழுதியிருந்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வெல்வெட் துணியில் உறை, தனி ஃபேன். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அதன் முன்னால் போக வேண்டும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஹிஸ்டரியா?" என்று பிச்சுமணி அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக் கேட்டார். "இம்புட்டு மார்க்கும் வீணால்லா போயிரும்? இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான் வே. நாளைக்கு ஒம்ம கோர்ட்டுக்கும் அது வரும். பொறவு ஒமக்கே அங்கன வேலை இருக்காது, பாத்துக்கிடும்."

"அவ பழசைப் படிக்கணுங்கா அண்ணாச்சி" என்றார் அப்பா.

"பழசைப் படிச்சுப் பழசாத்தான் போகணும். புதுசைப் படிச்சா அமெரிக்காவுக்குப் போகலாம். சும்மா சொல்லலை."

"பாப்போம்" என்று சொல்லி அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டார். அந்தப் 'பாப்போம்'தான் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை. அதற்கப்புறம் பல நாள் இந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ரயிலில் போகிற வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் தெரியும். விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நானே எழுதினேன். எந்தப் பாடம் என்ற இடத்தை மட்டும், அங்கே போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தோம்.

3

எங்கள் வீட்டில் 'ஒன் இஷ்டம்' என்பதற்கு ஒரு பொருள்தான் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் நடந்தது விளங்காது.

அம்மா பத்தமடையில் இருக்கிற அவள் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாமா என்று கேட்பாள். அப்பா பேப்பரை மடிக்காமலே, "போறதுன்னா போயேன். ஒன் இஷ்டம்" என்பார். அம்மா பையில் எடுத்து வைத்த சேலையை மறுபடி பீரோவில் வைத்துவிடுவாள். நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாட்டேன் என்றால் அம்மா, "ஒன் இஷ்டம். காய்ச்சல்னு எங்கிட்ட வந்து நிக்காதே" என்பாள். திட்டு வாங்கினால்கூட ஆறிவிடும். 'ஒன் இஷ்டம்' வாங்கினால் ஆறாது; இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற மாதிரி. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

கல்லூரியில் சேர்க்கப் போன அன்று காலை பாசஞ்சரில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குப் போகும்போது போடுகிற அதே சட்டை. வண்டி பேட்டையைத் தாண்டும்போது, வெளியே பார்த்தபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"காந்தி."

"என்னப்பா?"

"நானும் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். ஒன் இஷ்டம்ளா."

அவ்வளவுதான். இத்தனை நாள் ஊமையாக இருந்ததன் அர்த்தம் இதுதானா என்று நினைத்தேன். என்னைக் கைகழுவிவிட்டார் என்று நினைத்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் வருவதற்குள், நான் ஹிஸ்டரி என்று எழுதினால் வாழ்நாள் முழுவதும் அப்பா என்னோடு இப்படித்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசுவார் என்பது என் மனதில் உறுதியாகிவிட்டது.

கல்லூரியில் கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க் இருந்தார். வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் அவர் தலையைத் தூக்காமல், "மேஜர் என்ன?" என்றார்.

"இன்னும் ஆகலை சார்" என்றார் அப்பா மிகவும் பொறுப்பாக. "ஆவணி வந்தாத்தான் மேஜர். இப்பம் மைனர்தான். கார்டியன் நான் இருக்கேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளார்க் தலையைத் தூக்கினார். "பெரியவரே, வயசைக் கேக்கலை. புள்ளை எந்தப் பாடம் எடுக்கப் போகுதுன்னு கேக்கேன்." அப்பாவுக்கு முகம் சிவந்து போயிற்று. கோர்ட் வராந்தாவில் எத்தனை பேருக்கு மேஜர் மைனர் சட்டம் விளக்கியவர். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுளா" என்றார்.

நான், "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றேன்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அது நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தந்தார். தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

4

எனக்குக் கெடுதல் ஒன்றும் நடந்துவிடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவள் ஆவேன். பிச்சுமணி அண்ணாச்சி சொன்னதெல்லாம் அப்படியே பலித்தது. படித்து முடித்து, சென்னையில் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். அந்தப் பயத்தில் எங்களைப் போல ஆயிரக்கணக்கான பேரை விமானத்தில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். இங்கே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ எழுதிய புரோகிராம்களைப் படித்துப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. நன்றாகவே செய்கிறேன் என்று சொல்லுகிறார்கள்.

ஆனால் வருத்தம் இருக்கிறது. ஊருக்கு வரும்போது கோயில் சுவரில் வரிவரியாகக் கல்வெட்டு இருக்கும். எனக்கு ஓர் எழுத்துப் புரியாது. பழைய பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை, கற்றுக்கொடுத்திருந்தால் இதையும் படித்திருப்பாள். அவள் எங்கே போனாள் என்று நினைத்துக்கொள்வேன். யாரைக் குற்றம் சொல்ல? அடித்தார்களா, மிரட்டினார்களா? ஒன் இஷ்டம் என்றுதானே சொன்னார்கள். குறை சொல்ல ஆளில்லாத வருத்தம் லேசில் தீருவதில்லை.

அதனால் உமா விஷயத்தில் மட்டும் தீர்மானமாக இருந்தேன். அவளாகத் தேர்ந்தெடுக்கட்டும். சண்முகம், "கம்ப்யூட்டர் எடுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று முனகும்போதெல்லாம் அவர் வாயை அடைத்தேன். முதல் வருஷம் உயிரியல் என்றாள். பிறகு உளவியல் என்றாள். பிறகு ஒரு செமஸ்டர் ஏதோ வரைபடம் போடுகிற வகுப்பு. நான் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் விடுமுறையில் வந்திருந்தாள். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பு மேடை ஓரமாகத் தட்டோடு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உமாவுக்கு நாம் பேசுவது எல்லாம் புரியும். பேசும்போது பாதி இங்கிலீஷில் நழுவிவிடுவாள். திடீரென்று, "அம்மா, நான் என்ன எடுக்கட்டும்?" என்றாள். கேள்வி முழுக்கத் தமிழில் இருந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தேன். எனக்குக் கிடைக்காத அந்தச் சுதந்திரத்தை என் கையால் அவளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. கரண்டியைக் கீழே வைக்காமல், தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"உன் இஷ்டம்டி."

உமா தட்டை சிங்க்கில் வைத்தாள். தோசை பாதி இருந்தது. மாடிக்குப் போனவள் மறுநாள் கிளம்பும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். கட்டைவிரல் படங்கள் அதற்கப்புறம் ஆரம்பித்தவைதான்.

5

கல்லூரிக்கு போன் செய்து மூக்குடைபட்ட கதையைக் கேட்டு சண்முகம் சிரித்து முடித்துவிட்டு, "ஆபீசுல கேட்டா என்ன சொல்லுவான்? பிள்ளைகிட்டயே போய்க் கேளு" என்றார். வந்த சனிக்கிழமை காலையில் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்து, சூடு ஆறாத பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். வழியெல்லாம் பனி. போய்ச் சேர்ந்து, வாசலில் நிற்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் வரவில்லை, அவளே வந்தாள். காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் சோற்றில் சொதியை ஊற்றிக் கொடுத்தேன். ஸ்பூனால் சாப்பிட்டாள்.

"நான் என்னடி செஞ்சேன்?" என்று கேட்டேன்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அம்மா, 'உன் இஷ்டம்'னா 'ஐ டோன்ட் கேர்' தானே?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நீ சொல்றப்ப எல்லாம் அதுதான். ஸ்னோல கோட் போட மாட்டேன்னு சொன்னா 'உன் இஷ்டம்'. ஹேர் கட் பண்ணப்ப 'உன் இஷ்டம், எனக்கென்ன'. தமிழ் கிளாஸ் போகலைன்னு சொன்னப்ப 'உன் இஷ்டம்'. அப்புறம் ரெண்டு நாள் பேச மாட்டே. இப்ப நான் எவ்வளவு பயந்து போய்க் கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பாக்கலை."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. தமிழ்ப் பள்ளியில் அவள் படித்தது கொஞ்சம்தான். வீட்டில் என் குரலைக் கேட்டுக் கற்றதுதான் அதிகம். அந்த வார்த்தையை அவள் பிறந்ததிலிருந்து கோபத்தில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மனசாரச் சொன்னது அந்த ஒரு தடவை. அது வித்தியாசமானது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் கோவமாச் சொல்லலைடி. நிஜமாவே உன் இஷ்டம்னுதான் சொன்னேன். என்னை யாரும் அப்படி விடலை, அதனால."

"எனக்கு அது வேண்டாம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அட்வைசர்கிட்டப் போனா 'வாட் டூ யூ வான்ட்'னு கேக்கறாங்க. புரொபசரும் அதான் கேக்கறாங்க. ஃப்ரெண்ட்ஸும் அதான். எல்லாரும் என்னையே கேக்கறாங்க. உன்கிட்ட வந்தா நீயும் அதையே தமிழ்ல சொல்றே. நீ என்ன நினைக்கறேன்னுதான் கேட்டேன்."

சரி என்று, நான் நினைத்ததைச் சொன்னேன். இவ்வளவு காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் வேகமாகவே வந்தது. உளவியலில் அவளுக்குப் பொறுமை போதாது என்றேன். சின்ன வயதிலிருந்தே கணக்கு நன்றாக வரும், புள்ளியியல் எடு, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்றேன். உன் அப்பா சொல்கிற மாதிரி கம்ப்யூட்டர் எடுத்தால் அழுதுகொண்டே வேலைக்குப் போவாய், எனக்குத் தெரியும் என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக மறுத்தாள். கணக்கு வரும், ஆனால் நாள் முழுக்க அதோடு உட்கார முடியாது. பொறுமை இல்லை என்று சொன்னது அநியாயம். பேசப் பேச அவள் குரல் தெளிந்தது. கடைசியில் சொன்னாள்: மண்.

"என்னது?"

"சாயில் சயின்ஸ். மண்ணு. அந்த மேப் கிளாஸ்ல ஒரு வயலைத் தோண்டிக் காட்டினாங்க. லேயர் லேயரா இருந்தது. நான் அதையே நினைச்சிட்டிருக்கேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை."

நான் சிரிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. "எனக்கும்தான்" என்றாள். அடுத்த வாரம் டிக்ளேர் செய்துவிட்டாள். சண்முகம் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "மண்ணைப் படிக்கதுக்கு அம்பாசமுத்திரத்துலயே கெடந்திருக்கலாம்லா? எங்கப்பா சும்மாவே சொல்லிக் குடுத்திருப்பாவ." ஆனால் அன்றைக்கே இணையத்தில் மண்ணியல் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்.

6

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசுகிற நாள். அம்மா இன்னமும் சேர்மாதேவி வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. உமா அப்போது பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் இருந்தாள். பேத்தி மண் படிக்கப் போகிறாள் என்று சொன்னேன்.

"மண்ணா? நல்லதுதான. ஒருத்தராவது வயலைப் பாக்கட்டும்" என்றாள் அம்மா. "நீ என்ன சொன்னே?"

"முதல்ல உன் இஷ்டம்னு சொல்லிட்டேம்மா. கோவம்னு நெனச்சுக்கிட்டுப் பேசாம இருந்துட்டா."

அம்மா சிரித்தாள். "அப்படியே ஒங்கப்பா."

"அப்பாவா?"

"அவ்வொளும் ஒங்கிட்ட அப்படித்தான சொன்னாவ, காலேஜிக்குப் போன அன்னைக்கு. வாயத் தொறந்து நாலு வார்த்தை சொன்னா என்னன்னு நானும் கேட்டேன். நான் ஒண்ணு சொன்னா அது உத்தரவு மாதிரி ஆயிரும், பிள்ளையே சொல்லட்டும்னுட்டாவ."

நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "கம்ப்யூட்டர் எடுன்னு உத்தரவா?"

"கம்ப்யூட்டர் எங்க வந்துது? முந்தின நாளே வக்கீலய்யாகிட்டச் சொல்லிட்டு வந்துட்டாவளே, எம்மக ஹிஸ்டரிதான் படிக்கப் போறான்னு. வக்கீலய்யாவும், நல்லது வே, பொறவு வக்கீலுக்கும் படிக்க வைக்கலாம்னு சொல்லியிருக்காரு. சந்தோசமா வந்து எங்கிட்டச் சொன்னாவ. மறுநா நீ போயி கம்ப்யூட்டர்னு சேந்துட்டு வந்துட்டே."

"அப்பா ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"என்ன சொல்லுவாவ? ராத்திரி சாப்பிடும்போது, 'அவளுக்கு உள்ளுக்குள்ள அதுதான் ஆசை போல, நமக்குத்தான் தெரியலை'ன்னாவ. அம்புட்டுதான்."

"இவ்வளவு நாளா ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"நீ கேக்கலையே" என்றாள் அம்மா. பிறகு, மழையே இல்லை, தோசை மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அம்மா இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. போனை வைத்த பிறகு நான் நெடுநேரம் அடுக்களையிலேயே இருந்தேன். சண்முகம் வந்து என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அழுகையாக வந்தது. படிக்க முடியாமல் போனதற்குக்கூட இல்லை. அப்பா என்னைக் கைகழுவினார் என்று இவ்வளவு காலம் நான் நம்பியிருந்தேன். ஆசைப்பட்ட இடத்தில் மகள் இருக்கிறாள் என்று அவர் கடைசிவரை நம்பியிருந்தார். இரண்டுமே உண்மையில்லை. அதை அவரிடம் சொல்ல இனி வழியில்லை.

நான் இங்கே வந்த புதிதில் அப்பா வாரம் ஒரு தடவை போன் செய்வார். முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து, பிறகு வீட்டுக்கே போன் வந்தது. சாப்பாடு, குளிர், மாப்பிள்ளை எல்லாம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் தவறாமல் ஒன்று கேட்பார். "கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஒனக்குப் பிடிச்சிருக்குல்லா?" குத்திக்காட்டுகிறார் என்று எனக்கு ஆத்திரம் வரும். ஒவ்வொரு தடவையும், "ம், இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.